பொசுபரசை அளந்த பேரறிஞர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டைக்குச் செல்லும் மலைப்பாதையின் இருமருங்கிலும் மிளகுக்கொடிகளும் சாதிக்காய் மரங்களும் செறிந்து நிற்கும். அப்பாதை வழியே, விடியற்காலைப் பஸ்ஸிலே, தோட்டத் தொழிலாளர் ஒருவர் நகரத்து வைத்தியசாலைக்கு வருகின்றார் என வைத்துக்கொள்வோம். அவருக்குக் காய்ச்சல் இல்லை, நோவு இல்லை, கண்ணில் மஞ்சள் நிறமும் இல்லை. ஆயினும், 'பி' வகை ஈரலழற்சி வைரசு அவருடைய ஈரலிலே பல ஆண்டுகளாகக் குடிகொண்டிருக்கின்றது. அதனை அடக்கி வைப்பதற்காக அவர் நாள்தோறும் ஒரு மாத்திரை உட்கொள்கின்றார். சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனைக்கு வருமாறு வைத்தியர் பணித்திருக்கின்றார். வந்தால் அன்றைய நாட்கூலி போய்விடும். நோவில்லாத உடம்பிலிருந்து எதற்காக இரத்தம் எடுக்கவேண்டும் என அவர் மனத்துள் ஒரு வினா எழுமாயின், அதனை அறியாமை என்று ஒதுக்கிவிடல் முறையன்று. அதற்கு விடை கூறுதல் கற்றோர் கடனாகும்.

அவ்விடையின் ஒரு பகுதி, முக்கால் நூற்றாண்டுக்கு முன் மறைந்த ஓர் அறிஞரின் வாழ்க்கையில் அடங்கியிருக்கின்றது. இத்தகைய நோயாளரின் பரிசோதனைத் தாளிலே பொசுபேற்று என்றும் கிரியேற்றினீன் என்றும் இரு வரிகள் இடம்பெறுவதுண்டு. அவ்விரு வரிகளும் பிறந்த இடத்தைத் தேடிச் சென்றால், அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து ஆய்வுகூடம் ஒன்றையும், அங்கே இரவு பகலாக உழைத்த ஆந்திர இளைஞர் ஒருவரையும் காண்போம். அவரே எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரம் என்னும் ஊரில், 1895 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12 ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. பிள்ளைகள் எழுவர், சுப்பாராவ் நான்காமவர். தந்தையார் உடல்நலங் குன்றியதால் உரிய காலத்துக்கு முன்னரே உத்தியோகத்தை விட்டு விலக, குடும்பத்தை வறுமை சூழ்ந்தது. பதின்மூன்று வயதிலே சிறுவர் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குச் சென்று யாத்திரிகருக்கு வாழைப்பழம் விற்றுப் பெரும்பொருள் ஈட்டலாம் என்பது அவருடைய எண்ணம். தாயார் விடவில்லை. வழியிலேயே மீட்டுக் கொணர்ந்து, மீண்டும் பள்ளியில் அமர்த்தினார்.

பள்ளிப் படிப்பிலும் அவர் மின்னலெனத் தோன்றியவரல்லர். மெட்ரிக்குலேஷன் பரீட்சையில் இருமுறை தவறினார். சென்னை இந்து உயர்தரப் பள்ளியிலிருந்து மூன்றாம் முறை எழுதியே தேறினார். 1913 இல் தந்தையார் காலமானார். மகனின் படிப்புக்காகத் தாயார் தம் நகைகளை விற்றார். பரீட்சையில் ஒருமுறை தவறிய மாணவனை உதவாதவன் என்று தள்ளிவிடும் ஆசிரியரும் பெற்றோரும் இச்செய்தியைச் சிறிது நினைத்துப் பார்த்தல் நன்று.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற நாளில் அவருடைய நெஞ்சம் இராமகிருஷ்ண மடத்தை நாடியது. துறவு பூண்டு தொண்டு செய்ய விரும்பினார். தாயார் இசையவில்லை. இறுதியில், துறவுக் கோலம் இன்றியே மக்களுக்குத் தொண்டு செய்யலாகும் வழியாக மருத்துவத்தைத் தேர்ந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அதன் பின்னரும் துன்பம் அவரை விடவில்லை. உண்ட உணவின் சத்தை உடம்பு ஏற்காது போகச்செய்யும் ஒருவகைக் குடல்நோய்க்கு அவருடைய சகோதரர் இருவர் அடுத்தடுத்துப் பலியாயினர். மருத்துவம் கற்றுக்கொண்டிருந்த அவருக்கு, அம்மருத்துவத்தின் வறுமையும் அன்றே புலனாயிற்று. நோய்க்கு ஒரு பெயர் இருந்தது, காரணம் தெரியவில்லை, மருந்தும் இல்லை.

1919 ஆம் ஆண்டில் அவருக்கும் சேஷகிரி அம்மையாருக்கும் திருமணம் நடைபெற்றது. மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி அவருடைய படிப்புக்கு உதவினார். அது காந்தியடிகளின் அழைப்பு நாடெங்கும் ஒலித்த காலம். சுப்பாராவ் அறுவைக்கூடத்திலும் கதர் உடையே தரித்தார். ஆங்கிலப் பேராசிரியருக்கு இது பொறுக்கவில்லை. எழுத்துப் பரீட்சையை நன்கு எழுதியிருந்தும், உயர்ந்த பட்டம் கிடைக்காது அதனினும் தாழ்ந்த பட்டமே அவருக்குக் கிடைத்தது. அரசாங்க மருத்துவ சேவையின் கதவும் திறக்கவில்லை. டொக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்று விரிவுரையாளராக அமர்ந்தார். மேனாட்டு மருத்துவம் பயின்றவர் நாட்டு மருத்துவ மாணவருக்கு ஆசிரியரானார்.

ஆராய்ச்சி செய்யும் வேட்கை அவரை அமெரிக்காவுக்கு ஈர்த்தது. மாமனாரின் உதவியும், காக்கிநாடாவிலுள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தருமநிதியின் உதவியும் வழிச்செலவுக்காயின. மூன்று ஆண்டுகளில் திரும்பிவிடுவதாக மனைவியாரிடம் உறுதிகூறி, 1922 இல் அவர் புறப்பட்டார். அவ்வுறுதி நிறைவேறவே இல்லை. அவர் சென்ற பின் பிறந்த ஆண்குழந்தை ஓராண்டு நிரம்புமுன் இறந்தது. தந்தை மகனின் முகத்தைக் கண்டதில்லை.

பொஸ்டன் நகரில் ஹாவட் பல்கலைக்கழகத்து வெப்பவலய மருத்துவப் பள்ளியிற் சேர்ந்தார். அங்கே கற்பதற்கு இடம் கிடைத்தது. உண்பதற்கு வழி கிடைக்கவில்லை. அயலிலிருந்த வைத்தியசாலையில் இரவுப் பணியாளராக வேலை செய்தார். நோயாளரின் மலசலக் கலங்களைக் கழுவுதலும் அவ்வேலையுள் அடங்கும். பட்டம் பெற்ற வைத்தியர் ஒருவர் அப்பணியை முகஞ்சுளியாது செய்து, பகலிலே பாடங்கேட்டார். வெப்பவலய மருத்துவத்தில் தகைமை பெற்றபின், உயிரிரசாயனப் பேராசிரியர் ஒட்டோ போலின் அவர்களின் பகுதியிற் புகுந்தார்.

போலின் அளவையியலில் வல்லவர். ஒருவர் உடம்புக்குள் நிகழ்வதை அறிய வேண்டுமாயின், அவருடைய இரத்தத்தையும் சிறுநீரையும் அளந்தறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. கிரியேற்றினீனை நிறத்தின் செறிவுகொண்டு அளக்கும் முறையை 1904 இலேயே வகுத்தளித்தவர் அவர். இப்போது அவருடைய பகுதியிலே சைரஸ் பிஸ்க் என்பாரோடு சேர்ந்து, பொசுபரசை அளக்கும் முறையொன்றைக் காணும் பணி சுப்பாராவிடம் வந்தது. முன்னிருந்த முறைகள் தாமதமானவை, நம்பத்தகாதவையும் ஆயின.

1925 இல் பிஸ்க்கும் சுப்பாராவும் வெளியிட்ட முறை எளியது. இரத்தத்திலுள்ள புரதத்தை அகற்றி, எஞ்சிய தெளிநீருடன் அமிலமும் மொலிப்டேற்று உப்பும் சேர்ப்பர். பொசுபேற்று மொலிப்டேற்றுடன் கூடும். பின்னர்த் தாழ்த்தும் இயல்புள்ள ஒரு பொருளைச் சேர்த்தால் நீலநிறம் தோன்றும். பொசுபேற்று மிகுந்திருப்பின் நீலம் செறியும், குறைந்திருப்பின் வெளிறும். அந்நிறத்தை, அளவு தெரிந்த கரைசலொன்றின் நிறத்துடன் நிறமானியில் ஒப்பிட்டால் தொகை வெளியாகும். அம்முறை உலகத்து ஆய்வுகூடங்களெங்கும் பரவியது. இன்றைய தன்னியக்கப் பொறிகள் பல நீலம் தோன்றும்வரை காத்திராது, கண்ணுக்குப் புலனாகாத ஊதாக்கடந்த ஒளியினால் அளக்கின்றன. ஆயினும் பொசுபேற்றும் மொலிப்டேற்றும் கூடுகின்ற அடிப்படை மாறவில்லை.

நல்ல அளவுகோல் கைக்கு வந்தால், முன்பு காணாதன கண்ணிற்படும். தசையிலிருந்து எடுத்த சாற்றை இம்முறையால் அளந்தபோது, நிறம் உடனே தோன்றி நின்றுவிடாமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. இதனைப் பிழையென்று கழித்துவிடுதல் எளிது. அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. தசையிலே இலேசாகச் சிதையும் பொருளொன்று உண்டு, அது சிதையச் சிதையப் பொசுபேற்று வெளிவருகின்றது என்று உய்த்துணர்ந்தனர். 1927 இல் வெளியான அப்பொருளே பொசுபோகிரியேற்றீன். இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியரும் அதே காலத்தில் அதனை அணுகினர். தசை சுருங்குதற்கு லற்றிக்கமிலமே காரணம் என நோபல் பரிசு பெற்ற அறிஞர்கள் நிலைநாட்டியிருந்த கொள்கை இதனால் ஆட்டங்கண்டது. 1929 இல், உயிர்கள் அனைத்திலும் ஆற்றலின் நாணயமாகப் புழங்கும் அடினோசின் முப்பொசுபேற்று வெளிப்பட்டது. ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனித்து அதனைக் கண்டார். மறு ஆண்டில் சுப்பாராவ் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

புகழ் வந்தது, நிலையான பதவி வரவில்லை. ஹாவட்டிலே பத்தாண்டுகள் மேலும் உழைத்தும் அவருக்கு உறுதியான ஆசிரியப் பதவி அளிக்கப்படவில்லை. கூட்டாகச் செய்த ஆய்வின் பெருமை பெரும்பாலும் பிஸ்க்கின் பெயரோடு நின்றது. சுப்பாராவ் தம் பங்கை வாதாடிப் பெற முயன்றவரல்லர். அவ்வாய்வுகூடத்திற் பயின்ற ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் என்பவர், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்கள் அக்காலத்தில் வெளிவராமற் போனமையால் பிறர் அவற்றை மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று எனப் பிற்காலத்தில் வருந்தினார்.

1940 இல் அவர் நியூ யோர்க் மாநிலத்துப் பேர்ள் ரிவரிலுள்ள லெடர்லி ஆய்வுகூடத்துக்குச் சென்றார். 1942 இல் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். எஞ்சியிருந்தன ஆறே ஆண்டுகள். அவ்வாறு ஆண்டுகளில் அவருடைய குழுவினர் போலிக்கமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். சகோதரர் இருவரைக் கொன்ற குடல்நோயில் தோன்றும் இரத்தச் சோகைக்கு அது மருந்தாயிற்று. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சென்னையில் விடை காணாது நின்ற வினாவுக்குப் பேர்ள் ரிவரில் விடை கிடைத்தது. யானைக்கால் நோய்ப் புழுவை ஒழிக்கும் ஹெட்ரசான் என்னும் மருந்து 1947 இல் வெளிவந்தது. இலங்கையின் மேற்கு, தெற்குக் கரையோரங்களில் அந்நோயை எதிர்த்து நடைபெற்ற நீண்ட போரில் அம்மருந்தும் ஒரு படைக்கலம். 2016 இல் உலக சுகாதார நிறுவனம், இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையினின்று நீங்கியதென அறிவித்தது. முதலாவது தெற்றாசைக்கிளீன் வகை மருந்தாகிய ஓரியோமைசினும் அவர் தலைமை தாங்கிய ஆய்வுகூடத்திலேயே, பெஞ்சமின் டக்கர் என்னும் முதுபெரும் அறிஞரின் கையில் தோன்றியது.

போலிக்கமிலம் போன்ற உருவுடையதாய், ஆயின் அதன் வேலையைச் செய்யாது தடுக்கும் அமினோப்தெரின் என்னும் பொருளையும் அக்குழுவினர் ஆக்கினர். பொஸ்டன் வைத்தியர் சிட்னி பார்பர் அதனை இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 குழந்தைகளுள் 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948 ஜூன் மாதத்தில் அவர் வெளியிட்டார். அதன் உடன்பிறப்பாகிய மெதோத்திரெக்சேற்று இன்று மூட்டுவாதத்துக்கும் நெடுங்காலம் கொடுக்கப்படுகின்றது. அதனை உட்கொள்வோரின் ஈரலையும் இரத்தத்தையும் தவறாது அளந்து வரவேண்டும். உயிர் காக்கும் மருந்தே கவனியாதுவிடின் ஊறு செய்யும் என்பதற்கு அது கண்கூடான சான்று.

பார்பரின் செய்தி வெளிவந்து இரண்டு மாதமளவே சென்றிருந்தது. 1948 ஆகஸ்ட் மாதத்தில் ஓரிரவு, பேர்ள் ரிவரிலுள்ள தம் இல்லத்தில் உறங்கிய சுப்பாராவ் விழித்தெழவில்லை. மாரடைப்பு என்றனர். வயது 53. அமெரிக்கக் குடியுரிமை பெறுதற்கு 1946 ஆம் ஆண்டுச் சட்டம் வழிதிறந்திருந்தும் அவர் அதனைப் பெறவில்லை. தாயகத்துக்கும் திரும்பவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் காத்திருந்த சேஷகிரி அம்மையாருக்கு வந்தது இறப்புச் செய்தியே. அறிவுலகம் அடைந்த பேறுகளைக் கணக்கிடும்போது, அவ்வம்மையார் இழந்ததையும் நாம் கணக்கில் வைத்தல் வேண்டும்.

இனி, இரத்தோட்டைப் பஸ்ஸில் வந்த தொழிலாளரிடம் மீள்வோம். அவர் உட்கொள்ளும் மாத்திரைக்கும் சுப்பாராவுக்கும் உள்ள தொடர்பு இரு வகையானது.

முதலாவது, மருந்தின் இயல்பு பற்றியது. மேலே கூறிய ஹிச்சிங்ஸ், பின்னர் கேர்ட்ரூட் எலியன் அம்மையாருடன் சேர்ந்து, உயிர்க்கலத்தின் மரபுப்பொருளுக்கு வேண்டிய கூறுகளைப்போல் நடிக்கும் போலிப்பொருள்களை மருந்தாக்கும் வழியை வகுத்தார். இருவரும் 1988 இல் நோபல் பரிசு பெற்றனர். அவ்வழியிலேயே, பிராக் நகரத்து அன்டொனின் ஹோலி தெனோபொவிர் என்னும் மருந்தைக் கண்டார். 'பி' வகை ஈரலழற்சிக்கு அது 2008 முதல் வழங்கப்படுகின்றது. கலத்துள் புகுந்த அம்மருந்து இரு பொசுபேற்றுகளைத் தன்னுடன் இணைத்துக்கொள்கின்றது. அப்போது அது சுப்பாராவ் கண்ட அடினோசின் முப்பொசுபேற்றின் நெருங்கிய உறவுப்பொருளொன்றைப் போன்ற கோலம் பெறுகின்றது. வைரசு தன் மரபிழையைக் கட்டும்போது ஏமாந்து இப்போலியை எடுத்துக் கோக்கின்றது. இழை அவ்விடத்தே அறுந்து நிற்கின்றது.

இரண்டாவது, கண்காணிப்புப் பற்றியது. இம்மருந்து வைரசைப் பெருகவொட்டாது அடக்கும். வேரோடு களைவது அரிது. ஈரற்கலத்தின் கருவுக்குள் வைரசின் மரபிழை வளையமாய்ச் சுருண்டு ஒளிந்திருக்கும். மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் அது மீண்டும் பெருகி ஈரலைக் கடுமையாகத் தாக்கலாம். உயிருக்கே இடர் நேர்ந்ததும் உண்டு. ஆகவே மருந்து பல்லாண்டு தொடர்கின்றது. அவ்வளவு காலமும் நான்கினைப் பார்த்துவர வேண்டும். இரத்தத்தில் வைரசின் தொகை தாழ்ந்தே நிற்கின்றதா என்பது ஒன்று. 1998 முதல் இந்நோய்க்கு வழங்கப்பட்ட லாமிவுடீனை உண்டோர் பலரிடம் சில ஆண்டுகளில் வைரசு உருமாறி மருந்தை வென்றது. தொகை மீண்டும் ஏறியதைக் கண்டே அதனை அறிந்தனர். ஈரற்கலம் சிதைவதைக் காட்டும் நொதியத்தின் அளவு இரண்டாவது. சிறுநீரகத்தின் நிலை மூன்றாவது. ஈரல் இறுகியோர் முதலிய இடர்மிக்கோருக்கு ஆறு மாதத்துக்கொருமுறை ஒலியலைப் படம் எடுத்துப் புற்றுநோயின் தொடக்கத்தைத் தேடுதல் நான்காவது.

மூன்றாவதிலேதான் சுப்பாராவின் கை நேரே தெரிகின்றது. தெனோபொவிர் சிலருடைய சிறுநீரக நுண்குழாய்களைத் தாக்கக்கூடும். அப்போது உடம்பு மீட்டுக்கொள்ள வேண்டிய பொசுபேற்று சிறுநீரோடு வீணாகும். இரத்தத்தில் அதன் அளவு தாழும். காலப்போக்கில் எலும்பு மெலியும். அவ்வாறே, தசையிலுள்ள கிரியேற்றீனும் பொசுபோகிரியேற்றீனும் மாறிப் பிறக்கும் கிரியேற்றினீனைச் சிறுநீரகம் வெளியேற்றத் தவறினால் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். இவை நிகழும் தொடக்கத்தில் நோயாளருக்கு யாதொரு நோவும் தோன்றாது. தாளிலுள்ள எண்கள் மாத்திரமே அதனை முன்கூட்டி உரைக்கும். தக்க காலத்தில் கண்டால் மருந்தின் அளவையோ மருந்தையோ மாற்றி, சிறுநீரகத்தையும் ஈரலையும் ஒருங்கே காக்கலாம். நோவில்லாத உடம்பிலிருந்து ஏன் இரத்தம் எடுக்கவேண்டும் என்ற வினாவுக்கு விடை இதுவே.

மாத்தளைப் பகுதி மூலிகைத் தோட்டங்களுக்கும் பெயர்பெற்றது. காமாலை என்றதும் கீழ்க்காய்நெல்லியை நாடுதல் நம்மவரின் பழைய வழக்கம். 1988 இல், இவ்வைரசைக் கண்டறிந்த பணிக்காக நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பேர்க்குடன் இணைந்து, சென்னை ஆய்வாளர்கள் அவ்வினத்து மூலிகையை வைரசைச் சுமந்தோருக்குக் கொடுத்து அளந்தனர். உண்ட 37 பேருள் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரசின் அடையாளம் மறைந்ததாக அறிவித்தனர். உலகம் வியந்தது. ஆயின் பிற இடங்களில் மீண்டும் அளந்தபோது அப்பயன் கிட்டவில்லை. ஆயுர்வேதக் கல்லூரியிற் கற்பித்து ஹாவட்டில் அளக்கப் பயின்ற சுப்பாராவின் வாழ்வு இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டும். எந்நாட்டு மருந்தாயினும் அளவைக்கு உட்படல் வேண்டும். இலையை நம்பி மாத்திரையைக் கைவிடுவோர், அளந்து தேறிய ஒன்றைத் தேறாத ஒன்றுக்காக விடுகின்றனர்.

2003 ஆம் ஆண்டு முதல் இலங்கையிற் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்நோய்த் தடுப்பூசி தேசியத் திட்டத்தின் வழியாக ஏற்றப்பட்டு வருகின்றது. இளைய தலைமுறைக்கு இந்நோய் மேலும் அரிதாகும். அதற்கு முற்பட்டோருள் நோயைச் சுமப்பவர்களுக்கோ மாத்திரையும் பரிசோதனையுமே துணை. மலையகப் பாடசாலை ஆசிரியர்கள் உயிரியல் வகுப்பில் அடினோசின் முப்பொசுபேற்றைக் கற்பிக்கும்போது, அதனைக் கண்டவருள் ஒருவர் இரவிலே மலசலக் கலங் கழுவிப் பகலிலே பொசுபரசை அளந்த நம் பக்கத்து நாட்டு வைத்தியர் என்பதையும் கூறுவார்களாக. கேட்ட பிள்ளைகளுள் ஒருவர், பரிசோதனை நாளன்று தந்தையாரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லக்கூடும்.